கோப்புப் படம்

அணையில் தண்ணீர் முப்பதடிக்குக் கீழே இறங்கினால்
மூழ்கிய கோயிலின் கோபுரம் தலைநீட்டும்.
அன்று சாயங்காலம் சிம்மக்கல் ஆபீசில்
செய்தி ஆசிரியர் என் பக்கம் திரும்பாமலே சொல்வார்:
"அந்தம்மாவைப் போடுப்பா."

நான் பக்கம் கட்டுகிறவன்.
"அணை_சோகம்_2" என்று தட்டினால் வந்துவிடும்:
இடுப்பில் குடம், பின்னால் வெடித்த தரை,
இரண்டு கண்ணிலும் நீர்.
கீழே பொடி எழுத்தில் "கோப்புப் படம்".
பெயர் போட்டதில்லை. தெரியாது.
ஒரு வருடம் "வேரறுந்த கண்ணீர்",
மறு வருடம் "நீரில் கரைந்த வாழ்வு".
தலைப்பு மாறும்; அவள் சேலை மாறாது.

போன வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை
ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டு
ஹெல்மெட்டோடு மாடியேறி வந்தாள்.
கழற்றியதும் தெரிந்துவிட்டது.
அந்த முகத்தை எத்தனை முறை
இரண்டு பத்தி அகலத்துக்கு வெட்டியிருப்பேன்!

"ஒச்சம்மா. ஒத்தக்கடையில ஜெராக்ஸ் கடை.
அதுல அழுகுறது நான்தான்."

பையிலிருந்து எடுத்து அடுக்கினாள்.
பத்தொன்பது துண்டு. பத்தொன்பதும் லேமினேஷன் போட்டு.

"மெட்ராஸ் ஐ தம்பி அது.
காலனி பூராவும் வந்துச்சு அந்த வாரம்.
ஒட்டிக்கும், தள்ளி நில்லுங்கன்னு
உங்க போட்டோக்காரருகிட்ட சொன்னேன்.
அவரு லென்ஸை மாத்திக்கிட்டுத் தள்ளி நின்னாரு.
குடமும் என்னுது இல்ல, செல்லக்கண்ணு வீட்டுது.
என் குடம் பளபளங்குதுன்னு
நசுங்குனதாத் தேடிக் கையில குடுத்தாக."

ஊரைக் காலிசெய்து லாரியில் ஏற்றியபோது
அவளுக்கு நாலு வயது.
அழுதாளா என்று ஞாபகமில்லை;
டிரைவர் பக்கத்தில் உட்காரணும் என்று
அடம் பிடித்தாளாம்.

"மகளைப் பாக்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரவுக
இந்தப் பேப்பரை மடிச்சுக் கொண்டாந்தாக.
'இன்னமும் தண்ணிக்கு அலையுறீகளா?'
எங்க வீட்டு ஆர்.ஓ. தண்ணியைக் குடிச்சிக்கிட்டேதான் கேட்டாக."

ஆசிரியர் அறையிலிருந்து வெளியே வந்தார்.
"படத்தை எடுத்துரணுமாம்மா?"

"வேணாம் சார். பில்லு போட்டுக் கொண்டாந்திருக்கேன்.
பத்தொன்பது தடவை.
மூணு லட்சம் பிரதின்னு நீங்களே மேல அடிச்சிருக்கீக.
நம்ம கடையில காப்பி ரெண்டு ரூவா.
ஒரு கோடியே பதினாலு லட்சம்.
மொத்தமா எடுத்தா
ஒரு ரூவாய்க்குப் போட்டுத் தாரேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.
இன்னொரு காகிதத்தை மேசையில் விரித்தாள்.

"காசு இல்லேன்னா இதைப் போடுங்க.
நூத்திப் பன்னெண்டு வீடு.
நாப்பத்தெட்டு வருசமா பட்டா இல்ல.
யானைமலை நிழல் விழுகுற இடம் பூராவும்
கணக்குல இன்னும் வாய்க்கால் புறம்போக்கு.
எத்தனை திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல நின்னுட்டேன்."

அவர் புரட்டிப் பார்த்தார். நேர்மையாகத்தான் கேட்டார்:
"இதுக்குப் படம் என்னம்மா வைக்கிறது?"

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
"சர்வே நம்பரு போட்டோவுல விழுகாதா சார்?"

ஒன்பதாம் பக்கத்தில் நாலு வரி வந்தது,
டெண்டர் அறிவிப்புக்கு மேலே.
அந்தப் பில் என் கீபோர்டுக்கு அடியில் இருக்கிறது.

இந்தச் சித்திரையில் மறுபடி இருபத்தெட்டு அடி.
"அந்தம்மாவைப் போடுப்பா."
சோகம் என்று தட்டினேன்.
எதுவும் கிடைக்கவில்லை என்றது கணினி.
"காணோம் சார்."
"நல்லாத் தேடு."
தேடுகிறவன்போலக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.
அங்கேதான் இருக்கிறது,
"ஒச்சம்மா_மெட்ராஸ்ஐ" என்ற பெயரில்.

பத்தரைக்குப் பக்கம் இறங்கியாக வேண்டும்.
காலியான கட்டத்துக்கு
நகைக்கடைக்காரர் ஒரு கல்யாணப்பெண்ணைக் கொடுத்தார்.
அவள் பெயரும் எனக்குத் தெரியாது.
சிரித்துக்கொண்டிருந்தாள்.